ஆப்பிள் 2 ஜாய்ஸ்டிக் தகராறு: திரையில் வரும் எண்ணை வைத்தே பழுதைப் பிடிப்பது

பழைய ஆப்பிள் 2 கணினிகளுக்கான ஜாய்ஸ்டிக் கையில் வரும்போதெல்லாம் முதலில் அதன் அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைத்தான் பார்ப்பேன். தலை தேய்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். பல நேரம் உள்ளே ஸ்பிரிங் ஒன்று காணாமல் போயிருக்கும், வயர் ஒன்று அவசரமாகச் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். உண்மையான பழுதோ பிளக்கில் இருக்கும், அல்லது கணினிக்குள் இருக்கும். திறக்கவே தேவையில்லாத பொருளைத் திறந்து, நாற்பது வருடம் பிழைத்த ஒன்றைக் கெடுத்து வைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால், குச்சி எங்கே நிற்கிறது என்று கணினி காட்டும் எண்ணைப் பாருங்கள். எந்தப் பழுது என்று அதுவே முக்கால்வாசி சொல்லிவிடும்.

இங்கே சொல்வது ஆப்பிள் 2, 2 பிளஸ், 2இ ஆகியவற்றுக்கு அப்படியே பொருந்தும். 2சி, 2ஜிஎஸ் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

குச்சிக்குள் என்ன இருக்கிறது

சிப் எதுவும் கிடையாது. மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு, இரண்டு பொத்தான், பொத்தானுக்கு ஒன்று வீதம் 560 ஓம் ரெசிஸ்டர், ஒரு கேபிள். அவ்வளவுதான். பொட்டென்ஷியோமீட்டரை இனி பாட் என்றே சொல்கிறேன், கடையிலும் அப்படித்தான் கேட்கிறோம். ஒவ்வொரு பாட்டும் 0 முதல் 150 கிலோ ஓம் வரை மாறும்.

1977இல் வெளிவந்த ஆப்பிள் 2-ஐ ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தபோது, பந்தை மட்டையால் அடித்துச் செங்கல்லை உடைக்கும் பிரேக்அவுட் ஆட்டத்தைப் பேசிக் மொழியிலேயே எழுதி ஆட முடிய வேண்டும் என்று நினைத்தார். அதற்காகத்தான் திருகும் குமிழோடு பேடில் என்ற கைக்கருவி வந்தது. ஜாய்ஸ்டிக் என்பது இரண்டு பேடிலை ஒரே குச்சியில் கட்டியது தான்.

மின்தடையை நேரடியாக அளக்கும் சிப் அன்றைக்கு விலை அதிகம். வாஸ்னியாக் நேரத்தை அளந்தார். கணினிக்குள் 558 என்ற டைமர் சிப் இருக்கிறது. அதற்குள் நான்கு டைமர்கள், ஒவ்வொன்றுக்கும் 0.022 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். குழாயடியில் குடம் வைப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கபாசிட்டர் தான் குடம், பாட் தான் குழாய். குழாயை இறுக்க இறுக்க குடம் நிரம்ப நேரமாகும். குடம் நிரம்பும்வரை கணினி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு எண்ணுக்கு 11 கடிகாரத் துடிப்பு, ஏறக்குறைய 11 மைக்ரோ செகண்ட். 255 வரை எண்ணியும் நிரம்பாவிட்டால் எண்ணுவதை நிறுத்திவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. கீழே வரும் கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன. கம்பி அறுந்தால் தண்ணீரே வராது, எண் 255இல் நிற்கும். ஷார்ட் ஆனால் குடம் உடனே நிரம்பிவிடும், எண் 0.

எண்ணைப் பார்க்கும் சின்ன புரோகிராம்

ஆப்பிள்சாஃப்ட் பேசிக்கில் ஐந்து வரி போதும். 10ஆம் வரியில் பிடிஎல்(0)-ஐ, அதாவது முதல் பேடிலின் எண்ணை, ஒரு மாறியில் வாங்குங்கள். 20இல் ஒன்று முதல் இருபது வரை ஒரு வெற்று ஃபார்-நெக்ஸ்ட் சுழல். 30இல் பிடிஎல்(1)-ஐ வேறொரு மாறியில் வாங்குங்கள். 40இல் இரண்டையும், கூடவே பீக்(49249), பீக்(49250) ஆகிய இரண்டையும் பிரிண்ட் செய்யுங்கள். 50இல் கோடூ 10. நிறுத்த கன்ட்ரோல்-சி.

முதல் எண் இட-வலம், இரண்டாவது மேல்-கீழ். இடது ஓரமும் மேல் ஓரமும் 0 பக்கம், வலமும் கீழும் 255 பக்கம். கடைசி இரண்டும் பொத்தான்கள். 127க்கு மேல் இருந்தால் அழுத்தப்பட்டிருக்கிறது, கீழே இருந்தால் விடப்பட்டிருக்கிறது. 20ஆம் வரியின் வெற்றுச் சுழல் எதற்கு என்று பின்னால் வருகிறது, இப்போதைக்கு விட்டுவிடாமல் சேருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குச்சி ஓரத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எண் 255 ஆகி நின்றுவிட்டால் அது பழுது இல்லை. 255 எண்ண ஏறக்குறைய 2.8 மில்லி செகண்ட் ஆகிறது. 150 கிலோ ஓம் பாட்டோ 3.3 மில்லி செகண்ட் வரை இழுக்கும். மிச்சம் இருக்கும் அந்தத் துண்டு கணக்கில் வராது. அதைச் சரிசெய்கிறேன் என்று பாட்டை மாற்றப் போக வேண்டாம்.

செருகும்முன்: ஒன்பது பின் என்பதால் மட்டும் செருகிவிடாதீர்கள்

ஆப்பிள் 2, 2 பிளஸ் இரண்டிலும் ஜாய்ஸ்டிக் சாக்கெட் மதர்போர்டின் மேலேயே இருக்கும், 16 கால்களுள்ள ஐசி சாக்கெட். 1983 ஜனவரியில் வந்த 2இ-யில் அதோடு பின்பக்கம் 9 பின் சாக்கெட்டும் சேர்ந்தது. அதைப் பார்த்ததும் கைக்கு எட்டிய அடாரி ஜாய்ஸ்டிக்கைச் செருகத் தோன்றும். வடிவம் அச்சாகப் பொருந்தும். ஆனால் இரண்டும் முற்றிலும் வேறு சாதி.

அடாரி குச்சியில் பாட் கிடையாது, வெறும் சுவிட்சுகள். கீழே தள்ளினால் பின் 2, பின் 8-ஓடு சேரும். இடது பக்கம் தள்ளினால் பின் 3, பின் 8-ஓடு சேரும். ஆப்பிள் 2இ-யில் பின் 2 என்பது 5 வோல்ட், பின் 3 கிரவுண்ட். இடது-கீழ் மூலைக்குச் சாய்த்த கணம் 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேராகச் சேர்ந்து ஷார்ட். நேராக மேலே, கீழே ஆட்டிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பினவருக்கு, ஆட்டத்தின் நடுவில் மூலைக்குச் சாய்க்கும்போதுதான் கணினி அணையும். செய்யாதீர்கள்.

16 கால் பிளக்கைப் பொறுத்தவரை எப்போதும் கணினியை அணைத்துவிட்டே செருகுங்கள், கழற்றுங்கள். 1ஆம் கால் 1ஆம் துளைக்கு நேராக இருக்க வேண்டும். கால்கள் மெல்லிய தகடு, ஒருமுறை மடங்கினால் நிமிர்த்தலாம், மூன்றாம் முறை ஒடிந்துவிடும்.

"இரண்டு எண்ணும் 255. பொத்தானும் வேலை செய்யவில்லை"

இதுதான் அடிக்கடி வருவது, இதில்தான் வீணாகக் குச்சியைப் பிரிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். இரண்டு பாட், இரண்டு பொத்தான், நான்கும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா? நான்குக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, 5 வோல்ட் வயர். அது வரவில்லை.

16 கால் பிளக் என்றால் 1ஆம் காலைப் பாருங்கள். துளைக்குள் போகாமல் வெளியே மடங்கி நிற்கும், மேலிருந்து பார்த்தால் சரியாகச் செருகியது போலவே தெரியும். பிளக்கைத் திருப்பிப் போட்டிருந்தாலும் இதே அறிகுறிதான், ஏனென்றால் 1ஆம் கால் எதுவும் இணைக்கப்படாத 9ஆம் துளையில் போய் உட்கார்ந்திருக்கும். 9 பின் பிளக் என்றால் பின் 2.

பிளக் சரியாக இருந்தால் அடுத்தது கேபிள். குச்சியின் பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், மேல் உறை நன்றாக இருக்கும். புரோகிராமை ஓடவிட்டு அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக வளையுங்கள். எண் 255இலிருந்து ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறினால் இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி வெட்டி, புதிதாகத் தோல் சீவி, பழைய நிறவரிசைப்படி சாலிடர் செய்தால் போதும். வெட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நிறங்கள் எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றாக இருக்காது.

"ஒரு எண் மட்டும் 255. மற்றது நன்றாக இருக்கிறது"

5 வோல்ட் வருகிறது, பொத்தானும் வேலை செய்யும். ஆகவே அந்த ஒரு பாட்டின் வயர், பாட், அல்லது கணினிக்குள் அந்த டைமர். இந்த மூன்றில் எது என்று பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதுதான்.

குச்சியைக் கழற்றுங்கள். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, 9 பின் சாக்கெட்டில் பின் 2-க்கும் பின் 5-க்கும் நடுவில் வையுங்கள். இது இட-வலம். மேல்-கீழுக்குப் பின் 2-க்கும் பின் 8-க்கும் நடுவில். 16 கால் சாக்கெட் என்றால் இட-வலத்துக்கு 1, 6. மேல்-கீழுக்கு 1, 10. ரெசிஸ்டரின் கால் பக்கத்துப் பின்னைத் தொடாதபடி கணினியை அணைத்துவிட்டே வைத்து, பிறகு போடுங்கள்.

100 கிலோ ஓமுக்கு 200ஐ ஒட்டி ஓர் எண் வர வேண்டும். 47 கிலோ ஓம் வைத்தால் 95ஐ ஒட்டி. கபாசிட்டர்களின் துல்லியத்தைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும், அது பரவாயில்லை. எண் ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். வந்துவிட்டால் கணினி சுத்தம், பழுது குச்சியில். ரெசிஸ்டர் வைத்தும் 255இலேயே இருந்தால் குச்சியைக் குறை சொல்லாதீர்கள், பழுது போர்டில்.

இப்படி இரண்டு ரெசிஸ்டரை ஒரு பழைய 9 பின் பிளக்கில் சாலிடர் செய்து எப்போதும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். எந்தக் கணினி வந்தாலும் முதலில் அதைத்தான் செருகுவேன்.

குச்சிப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் மல்டிமீட்டர். கழற்றிய பிளக்கில் பின் 2-க்கும் பின் 5-க்கும் நடுவே ஓம் பாருங்கள். குச்சியை இடமிருந்து வலமாக மெதுவாகச் சாய்க்கும்போது தடை சீராக ஏற வேண்டும். முள் ஆடும் பழைய மீட்டர் இருந்தால் அதை எடுங்கள். டிஜிட்டல் மீட்டர் நடுவில் வரும் ஒரு கணத் துள்ளலைக் காட்டாமல் விழுங்கிவிடும், முள் காட்டிக்கொடுத்துவிடும்.

"எண் நடுங்குகிறது. கப்பல் தானாகக் குதிக்கிறது"

நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். எந்தப் பக்கம் குதிக்கிறது? 130, 131, 130, 255, 131, 190, 130 என்று மேல்பக்கம் மட்டும் எகிறினால் அது பாட்டின் உள்ளே இருக்கும் அழுக்கு. காரணம் எளிது. இந்தப் பாட்டில் மூன்று காலில் இரண்டுதான் பயன்படுகிறது. 5 வோல்ட் ஒரு பக்கம் நுழைந்து, கார்பன் தடத்தின் மேல் உரசும் விரல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். விரலுக்கும் தடத்துக்கும் நடுவில் தூசி வந்தால் தடை கூடும், எண் ஏறும். தூசியால் எண் இறங்கவே முடியாது.

எண் இரண்டு பக்கமும், 128, 130, 127, 129 என்று ஒன்றிரண்டு புள்ளி மட்டும் ஆடினால் அது இந்த அமைப்பின் இயல்பு. அதற்காக எதையும் திறக்க வேண்டாம்.

மேல்பக்கம் எகிறுகிறது என்று உறுதியானால் இப்போது ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.

ஒரு வெள்ளைத் துண்டை மேசையில் விரித்து அதன்மேல் வைத்துத் திறங்கள். ஸ்பிரிங் தெறித்தால் துணியில் தங்கும். அடிமூடியைத் தூக்கும்போது வேகமாக இழுக்காதீர்கள், ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகு இழுங்கள். பாட்டின் பக்கத்தில் சின்ன இடுக்கு இருந்தால், மின்தொடர்பு சுத்தப்படுத்தும் கான்டாக்ட் கிளீனரை அதன் வழியாக ஒரு சொட்டளவு அடித்து, குச்சியை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு முப்பது நாற்பது முறை ஆட்டுங்கள். துரு கழற்றுவதற்கென்று விற்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், பிசுக்காகத் தங்கிப் புதுத் தூசியை இழுக்கும். அரை மணி நேரம் உலரவிட்டு மறுபடி எண்ணைப் பாருங்கள்.

அப்படியும் ஒரே இடத்தில், பெரும்பாலும் நடுவில், எகிறினால் தூசி இல்லை, தடமே தேய்ந்திருக்கிறது. குச்சி தன் ஆயுளில் பெரும்பகுதி நடுவில்தானே நிற்கிறது. அந்த இடத்தில் விரல் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்துவிடும்.

இதற்கும் வழி உண்டு, பொறுமை வேண்டும். சில பாட்டுகளில் பின்மூடியை நான்கு சின்னத் தகர நாக்குகள் பிடித்திருக்கும். மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக, பாதி பாதியாக நிமிர்த்துங்கள். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். மூடி வந்ததும் குதிரை லாட வடிவில் கறுப்பான தடம் தெரியும். அதன்மேல் நூல் பிடித்தாற்போல ஒரு பளபளப்பான கோடு ஓடும். அதுதான் விரல் நடந்த பாதை. தேய்ந்த இடத்தில் கோடு அகன்று, சாம்பல் நிறமாக இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரே ஒருமுறை துடையுங்கள். பஞ்சில் கொஞ்சம் கறுப்பு வரும், அது பழைய தூள். இரண்டாம் முறையும் அதே அளவு கறுப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள், நீங்கள் துடைப்பது அழுக்கை இல்லை, தடத்தையே. பிறகு உரசும் விரலை இடுக்கியால் ஒரு மயிரிழை பக்கவாட்டில் வளையுங்கள். இனி அது பழைய கோட்டுக்குப் பக்கத்தில், தேயாத கார்பன் மேல் நடக்கும். மூடியைப் பொருத்தி நாக்குகளை மடக்குங்கள். இந்த மயிரிழை வேலையால் உயிர்பிழைத்த குச்சிகள் என் அலமாரியில் இருக்கின்றன. அதே அச்சு, அதே உயரம் உள்ள 150 கிலோ ஓம் பாட் இன்றைக்குத் தேடிப் பிடிப்பதை விட இது சுலபம்.

"எண் 0-விலேயே நிற்கிறது"

2இ வைத்திருப்பவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள். பின்பக்கத்து 9 பின் சாக்கெட்டும் உள்ளே இருக்கும் 16 கால் சாக்கெட்டும் ஒரே வயரில் இணைந்தவை. எப்போதோ உள்ளே செருகிய பேடில் அப்படியே இருந்து, அதன் குமிழ் இடது ஓரத்தில் திருகியிருந்தால், நீங்கள் பின்னால் செருகிய குச்சியை எப்படி ஆட்டினாலும் 0 தான். இரண்டு குழாய் ஒரே குடத்தில் விழுகிறது, ஒன்று முழுசாகத் திறந்திருக்கிறது. பேடில் குமிழ் நடுவில் இருந்தால் 0 வராது, ஆனால் குச்சியின் எண் பாதிதூரத்தில் நின்றுவிடும். இரண்டும் ஒரே காரணம்.

உள்ளே எதுவும் இல்லை என்றால் குச்சியைக் கழற்றிவிட்டு பிடிஎல்(2), பிடிஎல்(3) இரண்டையும் கூடச் சேர்த்துப் படியுங்கள். 2சி-யில் இரண்டு அச்சுக்கு மட்டுமே வழி இருப்பதால் அதில் இந்தச் சோதனை இல்லை, மற்றவற்றில் செய்யலாம். எதுவும் செருகாத டைமர் 255 காட்ட வேண்டும். நான்குமே 0 காட்டினால் டைமர் கிளம்பவே இல்லை. 558 சிப் சாக்கெட்டில் இருந்தால், கணினியை அணைத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கி மறுபடி அழுத்தி உட்காரவையுங்கள். கால்களில் கறுத்த படலம் ஏறித் தொடர்பு விட்டுப்போவது இந்த வயதில் சகஜம். அதற்கும் அசையாவிட்டால் சிப் மாற்ற வேண்டும். 555 போலவோ 556 போலவோ 558 இன்று எளிதாகக் கிடைப்பதில்லை, காலமைப்பும் வேறு, ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருக முடியாது.

"கணினியைப் போட்டதும் தானாகச் சோதனை ஓடுகிறது"

இது 2இ-யில் வரும் அறிகுறி. ஜாய்ஸ்டிக்கோடு தொடர்பே இல்லாத மாதிரி தெரிவதால் பலரும் மெமரி சிப், பவர் சப்ளை என்று தேடிப் போய்விடுகிறார்கள்.

2இ கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்கு இரண்டு பக்கமும் ஆப்பிள் படம் போட்ட இரண்டு விசைகள் உண்டு. வெறும் கோட்டுருவ ஆப்பிள் இடது பக்கம், நிரம்பிய ஆப்பிள் வலது பக்கம். மின்சாரக் கணக்கில் இந்த இரண்டும் ஜாய்ஸ்டிக் பொத்தான்களேதான், இடது விசை முதல் பொத்தான், வலது விசை இரண்டாம் பொத்தான். கணினி விழிக்கும்போது நிரம்பிய ஆப்பிள் அழுத்தப்பட்டிருந்தால் அது தன்னைத்தானே சோதிக்கத் தொடங்கும். ஆகவே உங்கள் ஜாய்ஸ்டிக்கின் இரண்டாம் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறை போடும்போதும் திரையில் கோலம் கோலமாக ஓடி, கடைசியில் 'கெர்னல் ஓகே' என்றோ, மேம்படுத்திய 2இ என்றால் 'சிஸ்டம் ஓகே' என்றோ வரும். முதல் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல்-ரீசெட் அழுத்தும்போதெல்லாம் புரோகிராமை நிறுத்தாமல் கணினி முதலிலிருந்து டிஸ்க்கைத் தேடிப் போய்விடும், தட்டச்சு செய்து வைத்தது போய்விடும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் பதில் கையில் இருக்கிறது.

பொத்தான் எப்போதும் அழுத்தியதாகவே தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பிளில் பொத்தான் 5 வோல்ட்டைத் தருகிறது. விட்டதும் அந்த வயரைக் கீழே இழுத்து வைப்பது 560 ஓம் ரெசிஸ்டர். கிரவுண்ட் வயர் அறுந்தால் இழுக்க ஆள் இல்லை. 2 பிளஸ்ஸில் அந்த வயர் அந்தரத்தில் மிதந்து, அழுத்தியதாகவே கணினிக்குத் தெரியும். அச்சுகள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும், ஏனென்றால் பாட்டுகளுக்கு கிரவுண்டே தேவையில்லை. "அச்சு நன்றாக இருக்கிறது, இரண்டு பொத்தானும் சேர்ந்தே கெட்டுவிட்டது" என்றால் பொத்தான்களை மாற்றாதீர்கள். 9 பின்னில் பின் 3, 16 காலில் 8ஆம் கால், அங்கே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பொத்தான் சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் இல்லை என்றால் சுவிட்சின் உள்தகடு மங்கிவிட்டது. சுத்தம் செய்யலாம், ஆனால் மைக்ரோசுவிட்ச் வகை என்றால் மாற்றிவிடுவதே மேல். விலை குறைவு, எங்கும் கிடைக்கும்.

"நடுவில் விட்டால் நடுவில் நிற்பதில்லை"

பெரும்பாலான குச்சிகளில் இரண்டு சின்ன டிரிம் சக்கரங்கள் இருக்கும். அவை பாட்டின் உடலையே சற்றுத் திருப்புகின்றன. குச்சியை விட்டுவிட்டு, எண் 127 பக்கம் வரும்வரை சக்கரத்தை நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

க்ராஃப்ட் என்ற நிறுவனத்தின் வகைக் குச்சிகளில் அடிப்பக்கம் இன்னும் இரண்டு சுவிட்ச் உண்டு. ஸ்பிரிங்கை விடுவித்து, குச்சி விட்ட இடத்திலேயே நிற்கும்படி செய்வதற்கு. ஸ்பிரிங் போய்விட்டது என்று நினைப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

"200க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது"

பீசி ஜாய்ஸ்டிக்கை யாரோ பிளக் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஐபிஎம் பீசிக்கான குச்சிகளில் பாட் 100 கிலோ ஓம்தான். முன்னால் சொன்ன 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் சோதனை நினைவிருக்கிறதா, அதே கணக்கு. சில குச்சிகளில் ஆப்பிள், ஐபிஎம் என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள்.

சுவிட்ச் இல்லையென்றால் குடத்தைப் பெரிதாக்கலாம். பிளக்குக்குள்ளேயே, ஒவ்வொரு அச்சின் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.0068 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 0.029 ஆகும், 100 கிலோ ஓமிலேயே 255 வந்துவிடும். பீசி குச்சியில் பொத்தான்கள் கிரவுண்டோடு சேரும்படி இருக்கும், ஆப்பிளுக்கு அது தலைகீழ். பொத்தான்களின் பொது வயரைக் கிரவுண்டிலிருந்து பிரித்து 5 வோல்ட்டுக்கு மாற்றி, பொத்தானுக்கு ஒரு 560 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட வேண்டும். பொது வயரை மாற்றாமல் ரெசிஸ்டரை மட்டும் போட்டால் பொத்தான் ஒருநாளும் வேலை செய்யாது.

"குச்சியை இடவலமாக ஆட்டினால் மேல்-கீழ் எண்ணும் மாறுகிறது"

வெற்றுச் சுழலின் கதை இது. கணினி பிடிஎல்(0)-ஐ அளக்க ஆரம்பிக்கும்போது ஒரு டைமரை மட்டும் கிளப்புவதில்லை, நான்கையும் ஒரே அடியில் கிளப்புகிறது. முதல் குடம் சீக்கிரம் நிரம்பிவிட்டால் கணினி உடனே இரண்டாவதுக்குத் தாவும். ஆனால் இரண்டாவது குடத்தில் ஏற்கெனவே பாதித் தண்ணீர் இருக்கிறது. மீதி நிரம்பும் நேரம் மட்டும் கணக்கில் வரும், எண் குறைந்து காட்டும். எவ்வளவு குறையும் என்பது முதல் அச்சு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒன்றை ஆட்ட மற்றொன்று ஆடுகிறது.

குச்சியில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு படிப்புக்கும் நடுவில் 3.3 மில்லி செகண்டுக்கு மேலாவது விடுங்கள், எல்லாக் குடமும் நிரம்பி ஓய்ந்துவிடும். நீங்கள் சொந்தமாக எழுதிய மெஷின் லாங்குவேஜ் ஆட்டத்தில் இது கட்டாயம் தலைகாட்டும், பேசிக் மெதுவானது என்பதால் அங்கே சில நேரம் தப்பித்துவிடும்.

"சோதனையில் சரி, ஒரு ஆட்டத்தில் மட்டும் தகராறு"

எண்ணும் வேகம் கணினியின் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. 1986இல் வந்த 2ஜிஎஸ் 2.8 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. குடம் நிரம்பும் நேரம் அதேதான், எண்ணுபவர் மட்டும் வேகமாக எண்ணுகிறார். ராமில் இருக்கும் தன் சொந்த எண்ணும் சுழலை வைத்து ஓடும் பழைய ஆட்டங்களில் குச்சி நடுவுக்கு வருவதற்குள்ளேயே 255 வந்துவிடும், வண்டி வலது பக்கமே போய்க்கொண்டிருக்கும். வேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டர் கார்டு போட்ட 2இ-யிலும் இது வரலாம். 2ஜிஎஸ் என்றால் கன்ட்ரோல், கோட்டுரு ஆப்பிள், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, வேகத்தை நார்மலுக்கு மாற்றுங்கள். 2இ ஆக்சிலரேட்டர் என்றால் அதன் சொந்த அமைப்பில் ஜாய்ஸ்டிக் படிக்கும்போது வேகம் குறையும்படி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகம் சரியாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்த ஆட்டம் தொடங்கும் கணத்தில் குச்சி இருக்கும் இடத்தையே நடு என்று எடுத்துக்கொள்ளும் வகையாக இருக்கலாம். ஆட்டம் ஏறி முடியும்வரை குச்சியின்மேல் கை வைக்காமல் விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள்.